நூறு குறையாத பெட்டி

ராஜவேலைக் கஞ்சன் என்று சொன்னால் முதலியார்பேட்டையில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் தன்னுடைய பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டு போய் முதல் ஆளாக நிற்பான். டீசலுக்கு என்று யாராவது எதையாவது நீட்டினால் கோபித்துக்கொள்வான். அவனுக்கு இருந்த நோய் வேறு. நிறைந்திருக்கிற ஒன்று குறைவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மாடித் தொட்டியில் தண்ணீர் ஒரு சாண் இறங்கினால் மோட்டாரைப் போட்டுவிடுவான். வேனில் டீசல் முள் பாதிக்கு வருவதற்கு முன்பே பங்க்கில் போய் நிற்பான். தாமரைச்செல்வி கல்யாணமாகி வந்த புதிதில் உப்பு ஜாடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தால், சாயங்காலத்துக்குள் அது மறுபடி கழுத்துவரை ஏறியிருக்கும். வீட்டில் ஏதோ காத்து கருப்பு நடமாடுகிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அப்புறம் ஒருநாள் புருஷன் பாக்கெட்டைக் கடித்துப் பிரித்து ஜாடியில் கொட்டுவதைப் பார்த்த பிறகுதான் பயம் தெளிந்தது.

அவன் அப்பா அம்மாவாசை, துணி மில்லில் தறி ஓட்டியவர். மில் ஓடியும் ஓடாமலும் இழுத்துக்கொண்டு கிடந்த வருஷங்களில் ராஜவேல் சிறுபிள்ளை. அடுக்களை டப்பாக்களை வெளியிலிருந்து தட்டிப் பார்த்தே எதில் என்ன இருக்கிறது, எதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவான். அந்தப் பழக்கம் ஆளோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது.

போன வருஷம் அவர்கள் தெருவில் புது மீட்டர் மாட்டினார்கள். மாட்ட வந்தவர் போகிற போக்கில் ஒரு சேதி சொன்னார். இனிமேல் கரண்டுக்கு நாள் முழுக்க ஒரே விலை கிடையாதாம். வெயில் காய்கிற நேரத்தில் சோலார் கரண்ட் ஏராளமாக வந்து குவிகிறதாம், எடுக்க ஆளில்லையாம், அதனால் பகலில் மலிவு. விளக்கு வைத்ததும் ஊரே சுவிட்சைப் போடுவதால் சாயங்காலத்தில் விலை ஏறிவிடும். தேங்காய்த்திட்டில் படகு வந்து கொட்டும்போது மீனுக்கு ஒரு விலை, கூடை காலியாகும்போது ஒரு விலை இல்லையா, அதே கதைதான் என்றார்.

ராஜவேலுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மலிவாகக் கொட்டிக் கிடக்கிற ஒன்றை வாரி வைத்துக்கொள்ள ஒரு பாத்திரம் இல்லையே என்று தவித்தான். பாத்திரம் செல்வகுமாரிடம் இருந்தது. செல்வகுமார் அவனுக்குச் சித்தப்பா மகன். தட்டாஞ்சாவடியில் வீட்டு உபயோகத்துக்கான பேட்டரி பூட்டுகிற பட்டறையில் வேலை. இறக்கும்போது மூலை நசுங்கிப்போன பெட்டி ஒன்று விற்காமல் கிடந்தது. உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது, வெளித் தகரம்தான் அடி வாங்கியிருக்கிறது என்று முதலாளியிடம் பேசி அதை வாங்கிக் கொடுத்தான்.

பீரோ உயரத்தில் பாதி இருக்கும் அந்தப் பெட்டி. வெயிலும் படக்கூடாது, சாரலும் அடிக்கக்கூடாது என்பதால் உள்ளறைச் சுவரில் மாட்டினார்கள். மாட்டி முடித்துக் கை கழுவிக்கொண்டே செல்வகுமார் விளக்கினான்.

"பகல்ல ரேட்டு கம்மியா இருக்கும்போது லைன்லேர்ந்து தானா ரொப்பிக்கும். சாயங்காலம் ரேட்டு ஏறினதும் வூட்டுக்கு இதுலேர்ந்து தானா ஓடும். மறுநாள் திரும்ப ரொப்பிக்கும். நீ ஒண்ணும் பண்ண வாணாம்ணா. மாட்டினியா, மறந்துடு."

ராஜவேலுக்கு எல்லாம் விளங்கியது, அந்தக் கடைசி வார்த்தையைத் தவிர.

மறுநாள் பகலில் பெட்டி நிறைந்தது. முகப்பில் பச்சை எழுத்தில் நூறு என்று வந்து நின்றது. அந்த நூறைப் பார்க்க அவன் அப்பாவையும் மகள் தீபலட்சுமியையும் கூப்பிட்டுக் காட்டினான். நர்சிங் படிக்கிற பிள்ளை அது, காய்ச்சல் வந்தவனைப் பார்ப்பது போல அப்பனைப் பார்த்துவிட்டுப் போனது. சாயங்காலம் தெருவிளக்கு எரிந்தது. பெட்டிக்குள் டிக் என்று ஒரு சத்தம். நூறு போய்த் தொண்ணூற்றொன்பது வந்தது. அம்மாவாசை டி.வி. போட்டார், தொண்ணூற்றேழு. தாமரைச்செல்வி சட்னிக்கு மிக்சியைச் சுற்றினாள், தொண்ணூற்றைந்து. ராஜவேல் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். தொண்ணூற்றொன்றில் அவனால் தாங்க முடியவில்லை. பக்கவாட்டில் இருந்த பொத்தானைத் திருப்பிப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு ஓடுவதை நிறுத்திவிட்டான். ஆபத்து அவசரத்துக்கு இருக்கட்டும் என்றான்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இப்போது வீடு ஓடுவது விலை ஏறிய கரண்டில் அல்லவா? உடனே டி.வி.யை நிறுத்தினான். கூடத்தில் ஒரே ஒரு பல்பை விட்டுவிட்டு மற்றதெல்லாம் அணைத்தான். பெட்டியும் குறையக்கூடாது, மீட்டரும் ஓடக்கூடாது என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் சாயங்காலம் என்று ஒன்று இல்லாமல் போனது.

சாயங்காலத்து வேலையெல்லாம் எங்கே போகும்? பட்டப்பகலுக்குப் போனது. பள்ளிக்கூட வேன்காரனுக்குக் காலை நடையும் மாலை நடையும்தான். நடுவில் வீட்டில்தான் இருப்பான். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, விலை இறங்கிய நேரம் முடிவதற்குள் வீட்டிலுள்ள அத்தனை இயந்திரத்தையும் ஓட்டி முடித்துவிட வேண்டும் என்று இறங்குவான். ஒரு பக்கம் கிரைண்டர் கடகடக்கும். ஒரு பக்கம் வாஷிங் மெஷின். அது பழைய மெஷின், பிழிகிற நேரத்தில் கால் முளைத்துக் குளியலறையிலிருந்து நடந்து வெளியே வரும், அதை முழங்காலால் முட்டி நிறுத்த வேண்டும். மோட்டார் உறுமும். மிக்சியில் ஒரு வாரத்துக்கான மிளகாய்த்தூள் அரைபடும். உள்ளறைப் பெட்டி கரண்டைக் குடிக்கிற வேகத்தில் அதன் காற்றாடி விசில் அடிக்கும். நிறைந்ததும் மூன்று தடவை கூவும்.

அந்த உள்ளறையில்தான் தாமரைச்செல்வி தூங்க வேண்டும்.

அவளுக்கு மேட்டுப்பாளையம் எஸ்டேட்டில் மாத்திரைக் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு. மாத்திரைகளை அட்டையில் வைத்து ஒட்டுகிற மெஷினில் நிற்பாள். கம்பெனி பஸ் காலையில் தெருமுனையில் இறக்கிவிடும். வந்து குளித்து, சோறு பொங்கி, குழம்பு வைத்துவிட்டு அவள் தலை சாய்க்கிற நேரமும் ராஜவேல் கைலியை மடித்துக் கட்டுகிற நேரமும் ஒன்றாக இருந்தது.

முதலில் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். தலையணையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பார்த்தாள். புருஷனிடம் இரண்டு தடவை பக்குவமாகச் சொன்னாள். அவன் அனுசரணையான ஆள்தான், மறுக்கவில்லை. கிரைண்டருக்கு அடியில் கோணிச்சாக்கு மடித்துப் போட்டான். மிளகாய் அரைக்கும்போது உள்ளறைக் கதவைச் சாத்தினான். சாத்திய கதவைப் பெட்டியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கக் கால்மணிக்கு ஒருதரம் திறந்தான். ஒருநாள் அவள் லேசாகக் கண்ணயர்ந்த நேரத்தில் தோளைத் தட்டி எழுப்பி, "தாமர, நூறு ஆயிடுச்சி, இனிமே சத்தம் வராது, நிம்மதியா தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் டிரான்ஸ்பார்மரில் டமார் என்று ஒரு சத்தம் கேட்டு அந்தப் பக்கம் நான்கு தெரு இருண்டது. ஜனங்கள் விசிறியோடு வாசலுக்கு வந்தார்கள். எல்லாருடைய கண்ணும் ராஜவேல் வீட்டுப் பக்கம் போனது. பெட்டி வாங்கிய பெருமையை அவன் பல் துலக்கும்போதெல்லாம் பேசியிருந்தான். சொன்னபடியே கரண்ட் போன மறுநொடி அவன் வீட்டில் விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது. தெருப் பிள்ளைகள் ஓவென்று கத்தின. ஆபத்து அவசரத்துக்கு என்றால் பெட்டி தானாகவே திறந்துகொள்ளும் என்பதை அவன் எதிர்பார்க்கவில்லை. தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு என்று அது இறங்க, ஓடிப்போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தான். தெருவோடு தெருவாக அவன் வீடும் இருண்டது.

"அவ்வளோதானா? தீந்துடுச்சா?" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

தீரவில்லை, நிறைய இருக்கிறது என்று ராஜவேல் இருட்டிலிருந்து பெருமையாகப் பதில் சொன்னான்.

அதற்கப்புறம் வீடு ஒவ்வொரு ஆளாகக் காலியாகத் தொடங்கியது. முதலில் போனவர் அம்மாவாசை. தறிச் சத்தத்தில் ஒரு காதைப் பறிகொடுத்தவர். டி.வி.யைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்தால்தான் அவருக்குக் கேட்கும். சாயங்காலத்தில் டி.வி. இல்லை என்றதும் நான்கு வீடு தள்ளி அன்வருதீன் வீட்டுக்கு நாற்காலியோடு போய்விட்டார். அன்வருதீனுக்கு மெத்தைக் கடை. முன்கட்டில் கடை, மாடியில் வீடு, பின்கட்டில் தைத்து முடித்த மெத்தைகளும் இலவம்பஞ்சு மூட்டைகளும் அடுக்கிய குடோன். பஞ்சு அடிப்பதெல்லாம் வில்லியனூரில், இங்கே ஊசி வேலை மட்டும்தான். அடுத்ததாகத் தீபலட்சுமி புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். பாய் மகள் நூரீன் அவளோடு படிக்கிறவள்.

கடைசியில் ஒரு காலையில் தாமரைச்செல்வி குளித்து, சமைத்து, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் இறங்கினாள். ராஜவேல் அப்போதுதான் வேனை நிறுத்திவிட்டு வந்தான். எங்கே என்று கேட்டான்.

"தூங்கப் போறேங்க. மெத்தைக் கடை பாத்திமாக்கா குடோன்ல எடம் தர்றேன்னுச்சு. சாயங்காலம் வந்துடறேன். மீன் கொழம்பு இருக்குது, சூடு பண்ணிக்குங்க. இப்பவே பண்ணிக்குங்க, ரேட்டு கம்மி."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். அவள் பாலுக்குப் போகிறேன் என்பது போலச் சொல்லிவிட்டு நடந்தாள்.

தெரு சும்மா இருக்குமா? ராஜவேல் பெண்டாட்டி தலையணையோடு போகிறாள் என்ற சேதி, போன அன்றே பேக்கரி வரைக்கும் போய்விட்டது. நீட்டு ரொட்டி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் அவனை வருத்தமாகப் பார்த்து, குடும்பம் என்றால் நான்கும் இருக்கும் தம்பி என்றார். ராஜவேலுக்கு விளக்கம் சொல்லி மாளவில்லை. சண்டை ஒன்றுமில்லை, தூங்கத்தான் போகிறாள் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முன்னைவிட அதிகமாகப் பரிதாபப்பட்டார்கள்.

அப்பாவும் மகளும் சாயங்காலத்தில் இல்லை, பெண்டாட்டி பகலில் இல்லை. ஒற்றைப் பல்புக்கு அடியில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். உள்ளே பெட்டி நூறில் நின்றது. அதைத் தொட யாரும் இல்லை. கொஞ்ச நாள் அது நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் வீட்டில் மிக்சியில் அரைத்த மிளகாய்த்தூள் ஒரு தூக்கு நிறைய அப்படியே கிடப்பதையும், பகலில் அரைத்த மாவு பொங்கி வழிவதையும் பார்த்தான். கேட்க ஆளில்லாத வீட்டில் சாயங்காலம் ரொம்ப நீளமாக இருந்தது. ராத்திரியிலும் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பெட்டி குறைகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தான். அது தன் பாட்டுக்குத் தானே ஒன்று குறைந்திருக்கும், அதை நினைத்துக்கொண்டு விழித்துக் கிடப்பான்.

ஆடி பிறந்தது. காற்று தெருப்புழுதியை வாரி முகத்தில் அடித்த ஒரு பகலில், இன்று அவளைக் கூட்டிவந்துவிடுவது என்று தீர்மானித்து மெத்தைக் கடைக்குப் போனான். என்ன பேச வேண்டும் என்று நான்கு வீட்டுத் தூரத்துக்கு யோசித்துக்கொண்டே போனான். கடை வாசலில் அன்வருதீன் பெண்டாட்டி கனீஸ் பாத்திமா தலையணை உறைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் ஊசியை உதட்டருகே கொண்டுபோய்ச் சத்தம் போடாதே என்று காட்டினாள். உள்ளே அன்வருதீன் நீளமான மெத்தை ஊசியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். ராஜவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டுப் பொம்பிளை பகலெல்லாம் இன்னொரு வீட்டில் இருப்பது நன்றாக இல்லை என்று தொடங்கினான்.

அன்வருதீன் ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டார். அப்புறம் பின்கட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"தம்பி, ஒன் வூட்டம்மா கம்பெனில நின்னுக்கினே தூங்கிடுச்சாம். அட்டை ஒட்டுற மெஷின்ல கை போக இருந்துச்சு. பக்கத்துப் பொண்ணு புடிச்சு இழுத்துச்சாம். சூப்பர்வைசர் எழுதி வச்சிட்டான், இன்னொரு தடவைன்னா வேலை கெடையாதுன்னு. எங்க வூட்டம்மாகிட்ட சொல்லி அழுதுச்சு. ஒன்கிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று ராஜவேல் நினைத்துப் பார்த்தான். கோணிச்சாக்கை இரண்டாக மடித்துப் போட்டிருப்போம் என்று தோன்றியது.

எழுந்து பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தான். மெத்தைகள் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு மெத்தையில் தாமரைச்செல்வி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை கன்னத்தின் அடியில். அந்தக் கை விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. அவள் இப்படித் தூங்கிப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. பெட்டி வந்த பிறகு அவன் அந்த அறைக்குள் ஆயிரம் தடவை போயிருக்கிறான், பெட்டியைத்தான் பார்த்திருக்கிறான்.

எழுப்ப வந்தவன் எழுப்பாமல் எதிரில் கிடந்த மெத்தையில் உட்கார்ந்தான். அவளாக விழிக்கட்டும், கையோடு கூட்டிப்போகலாம் என்று நினைத்தான். அந்தக் குடோனில் ஓர் அதிசயம் இருந்தது. சுற்றிலும் பஞ்சு அடைத்திருந்ததால் தெருச் சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. ஆடிக்காற்று வெளியே தகரங்களைத் தட்டுவதுகூட எங்கோ அரியாங்குப்பத்தில் தட்டுவது போலிருந்தது. பஞ்சு வாசனை மூக்கில் ஏறியது. ராஜவேல் சும்மா முதுகைச் சாய்த்தான்.

விழித்துப் பார்த்தபோது எதிர் மெத்தை காலியாக இருந்தது. கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயில் இடம் மாறி எதிர்ச்சுவரில் ஏறியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு எவ்வளவோ நேரமாகிவிட்டது என்று உடம்புக்கு முதலில் தெரிந்தது, புத்திக்கு அப்புறம்தான் தெரிந்தது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான்.

வேன் ஓட்டிய இத்தனை வருஷத்தில் அவன் ஒருநாளும் பிந்தியதில்லை. அவன் வேன் வருவதைப் பார்த்து வாட்ச்மேன் நாராயணசாமி கேட்டைத் திறப்பார் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். டயர் பஞ்சர் என்று முடிவு செய்தான். ஸ்டெப்னியும் சரியில்லை, ஆகவே பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று என்று கதையைக் கட்டி முடித்தபோது கேட் வந்துவிட்டது.

பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன. விஷயம் கேள்விப்பட்டு மூன்று நான்கு அம்மாக்கள் ஸ்கூட்டியில் வந்திருந்தார்கள். பிரான்சு பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா வீட்டுத் தாத்தா ஒருவரும் பேரனுக்காக வந்து தடியூன்றி நின்றார். ராஜவேலைக் கண்டதும் அவர் பிரெஞ்சில் ஆரம்பித்தார். அதில் அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை, ஐயா என்பதற்கு அவர்கள் சொல்கிற மிசே. ஆனால் திட்டு என்பது எந்தப் பாஷையில் வந்தாலும் விளங்கும். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், டயர் பஞ்சருங்க என்று ராஜவேல் தொடங்கினான்.

"இன்னா பஞ்சர்?" என்றார் நாராயணசாமி. "ஒங்க வூட்டம்மா அப்பவே போன் பண்ணிடுச்சே. நீ மெத்தைக் கடைல தூங்கிக்கினு இருக்க, எழுந்துக்கறதுக்கு நேரமாகும், அதுவரைக்கும் புள்ளைங்கள நெழல்ல உக்கார வைங்க, பிஸ்கட்டு வாங்கிக் குடுங்க, காசு நான் குடுத்துடறேன்னு சொல்லிச்சு."

அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பெண் ஒன்று எழுந்து வந்து, "அங்கிள், தலையில பஞ்சு" என்று சொன்னது. ராஜவேல் தலையைத் தடவினான். இலவம்பஞ்சு கொத்தாக வந்து ஆடிக்காற்றில் பறந்தது. அதைப் பிடிக்கப் பிள்ளைகள் ஓடின. ஓர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்தா தாத்தா மட்டும் விடாமல் முழுத் திட்டையும் முடித்துவிட்டுத்தான் பேரனை வேனில் ஏற்ற விட்டார்.

எல்லாப் பிள்ளைகளையும் வீடு சேர்த்துவிட்டு வந்தபோது தாமரைச்செல்வி கம்பெனிக்குக் கிளம்பத் தயாராகத் தலை சீவிக்கொண்டிருந்தாள். ராஜவேல் வாசற்படியில் உட்கார்ந்தான். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டான்.

"எழுப்பலாம்னுதான் கிட்ட வந்தேன்" என்றாள் அவள், சீப்பிலிருந்த முடியைச் சுற்றி எடுத்துக்கொண்டே. "குறட்டை விட்டுக்கினு கெடந்தீங்க. தூங்கற ஆள எழுப்பினா எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவன் எழுந்து உள்ளே வந்தான். அப்புறம் அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். பாய் சொன்னாரா என்று அவள் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

"சொல்லியிருக்கலாம் இல்ல, தாமர?"

"எப்ப சொல்றது? நீங்க வூட்ல இருக்கற நேரம் மிக்சி ஓடுது. மிக்சி ஓடாத நேரம் நான் வூட்ல இல்ல."

அவள் பஸ்ஸுக்குப் போனதும் ராஜவேல் செல்வகுமாருக்குப் போன் போட்டான். பெட்டியை உள்ளறையிலிருந்து மாடிப்படிக்கு அடியில் மாற்ற முடியுமா என்று கேட்டான். முடியும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றவன், பெட்டி எப்படி ஓடுகிறது, ராத்திரி எவ்வளவு வரைக்கும் இறங்குகிறது என்று விசாரித்தான். இறங்க விடுவதில்லை என்று ராஜவேல் சொன்னான்.

"வாங்கினதுலேர்ந்து நூறுலயேவா வச்சிருக்க? அண்ணே, அது ஊறுகா ஜாடி இல்லண்ணே. எறங்கி ஏறினாதான் அதுக்கு ஒடம்புக்கு நல்லது. இப்படி ரொம்பினபடியே வச்சிருந்தின்னா சீக்கிரமா கெட்டுப்பூடும்."

போனை வைத்துவிட்டு ராஜவேல் உள்ளறைக்குப் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றான். கெட்டுப்போகும் என்ற சொல் அவனை அசைத்துவிட்டது. பொத்தானைத் திருப்பினான். டிக் என்றது. கூடத்துக் குழல்விளக்கைப் போட்டான். அடுக்களை விளக்கைப் போட்டான். அன்வருதீன் வீட்டுக்குப் போய் அப்பாவையும் மகளையும் வரச் சொன்னான். அம்மாவாசை தொடர் பாதியில் இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்றார். அதே தொடர் நம் வீட்டிலும் ஓடும் என்று அவர் காதுக்குள் கத்திச் சொல்லி நாற்காலியைத் தூக்கிக்கொண்டான்.

தீபலட்சுமி இட்லிக்கு ஊறிக் கிடந்த அரிசியைக் கிரைண்டரில் போட்டாள். விளக்கு வைத்த நேரத்தில் அந்த வீட்டில் கிரைண்டர் ஓடுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் தலையை நீட்டிப் பார்த்தாள். எண்பத்தொன்பது, எண்பத்து நான்கு, எழுபத்தாறு. ராஜவேல் பெட்டியைப் பார்க்காமல் இருக்க அடுக்களைக்குப் போனான். வெங்காயம் உரித்தான். நெத்திலியைக் கழுவினான். அறுபதில் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வெங்காயம் கூடுதலாக உரித்தான். படுக்கிற நேரத்தில் அது நாற்பதுக்குக் கீழே இருந்தது. படுத்ததும் எப்படியோ தூங்கிவிட்டான்.

மறுநாள் காலை நடையை முடித்து வேனைக் கழுவிவிட்டு, பதைப்போடு வீட்டுக்கு வந்தான். இனிமேல் பகலில் ஒன்றும் ஓடாது என்று அவன் போனில் சொல்லியிருந்ததால், தாமரைச்செல்வி அன்று வீட்டிலேயே உள்ளறையில் படுத்திருந்தாள். கிரைண்டர் இல்லை, மோட்டார் இல்லை, மிக்சி இல்லை. பெட்டியின் காற்றாடி மட்டும் மெல்ல விசில் அடித்துக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் நின்று பார்த்தான். அறுபத்திரண்டு. யாரும் ஒன்றும் செய்யவில்லை, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. போன ராத்திரி போனதெல்லாம் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு ராஜவேல் அங்கேயே நின்றான். இறங்கினது ஏறும் என்று செல்வகுமார் முதல் நாளே சொன்னதுதான். கண்ணால் பார்த்த பிறகுதான் உடம்பு நம்பியது. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி மாடிப்படிக்கு அடியில் போயிற்று. அம்மாவாசையின் டி.வி. மறுபடி தெருவுக்குக் கேட்டது. தாமரைச்செல்வி குடோனிலேயே கிடந்த தலையணையைத் திரும்பக் கொண்டுவந்தாள், கூடவே அன்வருதீன் கடையிலிருந்து ஓர் இலவம்பஞ்சு மெத்தையும் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் ராஜவேலுக்கு எதையாவது ஒன்றைக் காவல் காத்தே ஆக வேண்டும். இப்போது பெண்டாட்டியின் தூக்கத்தைக் காக்க உட்கார்ந்தான்.

காலை நடை முடிந்ததும் வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். பழைய பேப்பர்காரன் தெருவுக்குள் நுழையும்போதே கை காட்டி வாயை மூடச் சொல்வான். மொபெட்டில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சங்கரா, நெத்திலி என்று கூவி வருகிற மீன்காரர் காத்தவராயன், ராஜவேல் வீட்டைத் தாண்டும்வரை ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு மீன் பெயரைக் கிசுகிசுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஏற்பாடு. எதிர்வீட்டில் ஆணி அடிக்கப் போனவர்களைச் சாயங்காலம் வரை காத்திருக்கச் சொல்லித் தானே போய் அடித்துக் கொடுத்தான். தெருநாய்க்கு ரொட்டி போட்டுப் பழக்கினான், அது குரைக்கும் நேரத்தில் வாயில் ரொட்டி இருக்கும்படி பார்த்துக்கொண்டான்.

ஆடி மூன்றாம் வெள்ளியன்று தெருமுனை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். காலையிலேயே மரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டி அம்மன் பாட்டுப் போட்டுவிட்டார்கள். ராஜவேல் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். அப்புறம் எழுந்து போய்க் கோயில் தலைவர் கோவிந்தராசுவிடம், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டான். அம்மன் பாட்டைக் குறைக்கச் சொல்கிறாயா என்று அவர் கேட்டார். அம்மனைக் குறைக்கச் சொல்லவில்லை, குழாயைத்தான் என்றான். குழாயை எங்கள் தாத்தா காலத்திலிருந்து கட்டுகிறோம் என்றார் அவர். உங்கள் தாத்தா காலத்தில் குழாயே கிடையாது என்றான் இவன். பேச்சு ஏறியது. கூழுக்குத் தூக்கோடு நின்ற வரிசை அப்படியே திரும்பி வேடிக்கை பார்த்தது. பாட்டுக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் இருவரும் அடித்தொண்டையிலிருந்து பேச வேண்டியிருந்தது. மைக் செட்டுக்காரப் பையன் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்தினான். நிறுத்தியதை ராஜவேல் கவனிக்கவில்லை.

"ராத்திரியெல்லாம் நின்னு வேலை செஞ்சிட்டு வந்து ஒரு மனுஷி தூங்கறா, தலைவரே. தூங்கறான்னு சொல்றேன். தூங்கறவங்க வூட்டாண்ட எப்புடி இருக்கணும்னு ஒரு மொறை வேணாமா?" என்று அவன் கத்தியது சினிமாக் கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும்.

வரிசையில் ஓர் அசைவு. ஆட்கள் விலகி வழி விட்டார்கள். தாமரைச்செல்வி கலைந்த தலையோடு, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி வந்து நின்றாள்.

"ஏங்க" என்றாள். "பாட்டு கேட்டுக்கினு நான் பாட்டுக்குத் தூங்கிக்கினு இருந்தேன். நீங்க போட்ட சத்தத்துலதான் முழிச்சிக்கினேன்."

முதலில் சிரித்தவர் கோவிந்தராசுதான். சிரித்துவிட்டு, தாமரைச்செல்விக்கு ஒரு சொம்பு கூழ் ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். அவள் அங்கேயே நின்று, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அதைக் குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள்.

ராஜவேல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலடி கேட்காமல் அவளுக்குப் பின்னால் போனான்.